கரண்ட் பில் திடீரென்று ஏறினால் முதலில் மீட்டரைப் பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒருநாள் 610 என்று மெசேஜ் வருகிறது. உடனே வீட்டுக்குள் விசாரணை ஆரம்பமாகிவிடும். பிரிட்ஜ் பழசாகிவிட்டது, பையன் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் இருக்கிறான், ஈபிக்காரர்கள் வைத்த புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று ஆளுக்கொரு தீர்ப்பு. எல்லாமே ஊகம்தான். ஊகத்தை நம்பி 30,000 ரூபாய்க்குப் புது பிரிட்ஜ் வாங்கிவிட்டு, அடுத்த பில்லும் 600-ல் வந்து நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

கரண்ட் எங்கே போகிறது என்று சொல்லும் கருவி உங்கள் வாசலிலேயே தொங்குகிறது. மீட்டரை வாசிக்கத் தெரிந்தால் பெரும்பாலான வீடுகளில் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பை மனதில் வைத்துச் சொல்வது.

ரூபாயை விட்டுவிட்டு, நாளுக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள்

பில் தொகை உங்களைக் குழப்பும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலை போய்விட்டது. மேலே போன யூனிட்டுக்கு விலையும் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறியது. அதற்குப் பிறகு விலைகள் திருத்தப்பட்டிருக்கின்றன, அதனால் உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயம் இதுதான்: தொகை ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது என்பதற்காக உபயோகமும் ஒன்றரை மடங்கு ஏறியிருக்க வேண்டியதில்லை.

ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையை எடுங்கள். அல்லது பழைய மெசேஜ்களைத் தேடுங்கள். இரண்டு ரீடிங்குகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். போன முறை 58 நாளில் 380 யூனிட் என்றால் நாளுக்கு 6.5. இந்த முறை 66 நாளில் 610 என்றால் நாளுக்கு 9.2. ஆக, உண்மையான ஏற்றம் நாளுக்கு 2.7 யூனிட். ரீடிங் எடுக்க ஒரு வாரம் தாமதமானதே கணிசமான யூனிட்டைச் சேர்த்திருக்கிறது.

இந்த 2.7-ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். இதுதான் நாம் தேடும் ஆளின் அங்க அடையாளம். 24 மணி நேரமும் விடாமல் ஓடுகிற பொருள் என்றால் அது 112 வாட் இழுக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் என்றால் நாளுக்கு 1 மணி 20 நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. ஒரு எச்.பி. மோட்டார் என்றால் இரண்டேகால் மணி நேரம் போல. செல்போன் சார்ஜரைக் கழற்றி வைப்பதால் இந்த அளவை எட்டவே முடியாது என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

ஒப்பிடும்போது ஏப்ரல்-மே பில்லை போன வருஷத்து ஏப்ரல்-மே பில்லோடு ஒப்பிடுங்கள். மார்கழி பில்லோடு ஒப்பிட்டால் கத்திரி வெயிலைத்தான் கண்டுபிடிப்பீர்கள். முந்தைய தவணையில் வீடு பூட்டியிருந்து சராசரி போட்டிருந்தால், அந்த மிச்சமும் இந்த பில்லில் சேர்ந்திருக்கும். இரண்டு தவணையையும் கூட்டி நாளால் வகுத்துப் பாருங்கள்.

பிறகு இன்னும் ஒரு நிமிட வேலை. மீட்டரில் இன்று காட்டும் எண், பில்லில் போட்ட எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ரீடிங் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் தேடல் அங்கேயே முடிந்தது. மீட்டரைத் தேதி தெரிய போட்டோ எடுத்து ஈபி பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். அபார்ட்மெண்டில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரிசையாக இருந்தால், உங்கள் மெயினை அணைத்துவிட்டு உங்கள் மீட்டரில் சிமிட்டும் விளக்குத்தான் நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு மீட்டர் நின்றால் இணைப்பு மாறியிருக்கிறது. இப்படியும் நடக்கிறது.

சிமிட்டும் சிவப்பு விளக்கு

மின்னணு மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று அச்சிட்டிருப்பார்கள். வேறு எண்ணும் இருக்கலாம். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம்.

3200 மீட்டரில், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து 1125-ஐ அதால் வகுத்தால், அந்த நிமிடத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். தனிச் சிமிட்டலை நேரம் பார்ப்பது கைதவறும். பத்து இடைவெளிக்கு செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்தால் வகுங்கள். பத்து இடைவெளிக்கு 45 விநாடி ஆனால் ஒன்றுக்கு 4.5, 1125-ஐ 4.5 ஆல் வகுத்தால் 250 வாட். முதல் சிமிட்டலை "பூஜ்யம்" என்று எண்ணி ஆரம்பிக்க வேண்டும். "ஒன்று" என்று ஆரம்பித்தால் கணக்கு பத்து சதவீதம் தப்பும்.

எல்லாவற்றையும் அணைத்துப் பார்ப்பது

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் முதலில் அதை முழுசாக அணையுங்கள்: முன்பக்க சுவிட்சையும், அது செருகியிருக்கும் பிளக்கையும். இதை மறந்தால் சோதனை கெட்டுவிடும். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் வீட்டைத் தாங்கும், திரும்பப் போட்டதும் பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கும்; இல்லாத லோடு இருப்பதுபோல் தெரியும். பிரிட்ஜ் அரை மணி நேரம் அணைந்திருந்தால் ஒன்றும் கெடாது.

இப்போது மூன்று கட்டமாகப் பாருங்கள்.

1. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். சிமிட்டவே கூடாது. ஐந்து நிமிடம் ஏன் என்றால், 5 வாட் மாதிரி சின்ன லோடு இருந்தாலும் 3200 மீட்டரில் 225 விநாடிக்கு ஒருமுறைதான் சிமிட்டும். மெயின் அணைந்த பிறகும் சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ லைன் எடுத்திருக்க வேண்டும், அல்லது மீட்டரில் கோளாறு; பேஸை மட்டும் துண்டிக்கும் பழைய பியூஸ் கேரியர் என்றால் பின்னால் சொல்லும் நியூட்ரல் கலப்பாகவும் இருக்கலாம். எதையும் நீங்கள் தொடக்கூடாது. சீலை உடைத்தால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

2. மெயினைப் போடுங்கள், உள்ளே இருக்கும் டிரிப்பர் (லைனுக்கு ஒன்றாக இருக்கும் எம்சிபி சுவிட்ச்) எல்லாம் கீழே இருக்கட்டும். இப்போது சிமிட்டினால் டிரிப்பர் பெட்டியைத் தொடாமல் ஏதோ ஒன்று ஓடுகிறது. பல வீடுகளில் போர் மோட்டார் மெயினில் இருந்தே தனியாகப் போயிருக்கும். மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு, வாட்ச்மேன் அறை எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அதுவும் இல்லையென்றால் அடுத்த பகுதியில் சொல்லும் நியூட்ரல் கலப்பு.

3. டிரிப்பரை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வாட் கணக்கெடுத்து எழுதுங்கள். சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கையில் ஒரு டிரிப்பர் மட்டும் 150 வாட் காட்டினால், அந்த லைனில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

இதற்குப் பிறகு ராத்திரி எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில், வழக்கமாக எது ஓடுமோ அதை ஓடவிட்டு ஒருமுறை எண்ணுங்கள். வைஃபை, செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர், கேமரா பெட்டி, தண்ணீர் பில்டர் எல்லாம் சேர்ந்து சும்மா நின்றே 60 வாட் இழுக்கும் வீடுகள் உண்டு. 60 நாளில் அது 86 யூனிட்.

நியூட்ரல் கலப்பு: அடுத்த வீட்டு ஏசி உங்கள் பில்லில்

எலக்ட்ரீசியன்களே பலர் தவறவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய சக்கர மீட்டர் பேஸில் போகும் கரண்டைத்தான் பெரும்பாலும் பார்த்தது. இப்போதைய ஒரு பேஸ் மீட்டர்கள் பல, பேஸில் போவதையும் நியூட்ரலில் திரும்புவதையும் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதை வைத்து யூனிட் போடும். நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் கொடுத்துத் திருடுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் வயரிங்கில் தவறு இருந்தால் நேர்மையான வீடும் இதில் மாட்டும்.

கீழ் வீடு, மாடி வீடு, இரண்டு மீட்டர், இரண்டும் ஒரே பேஸ் என்று வையுங்கள். மாடிப்படி விளக்குக்கு பேஸ் கீழிருந்தும் நியூட்ரல் மேலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். அல்லது பின்னால் மாடி கட்டியபோது நியூட்ரல்களை ஒரே இடத்தில் முறுக்கிவிட்டார்கள். மாடியில் ஏசி 7 ஆம்பியர் இழுக்கிறது. கீழே ஒரு ஆம்பியருக்கு பேனும் லைட்டும். திரும்பிப் போகும் 8 ஆம்பியர் இரண்டு நியூட்ரலிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 4. மாடி மீட்டர் தன் பேஸைப் பார்த்து 7 போடுகிறது. கீழ் மீட்டர் தன் நியூட்ரலைப் பார்த்து 4 போடுகிறது. எரிந்தது 8, பில் 11. குறைவாகச் செலவழிக்கும் வீடுதான் அடி வாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். "நாங்கள் ஏசியே போடவில்லை, எங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்ற புலம்பலுக்குப் பின்னால் இது இருக்க வாய்ப்பு உண்டு.

அடையாளங்கள்: பல மீட்டர்களில் எர்த் லோடை, அதாவது போவதும் திரும்புவதும் சமமாக இல்லாததைக் காட்டும் ஒரு தனி விளக்கோ திரையில் ஒரு குறியோ இருக்கும், அது எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் டிரிப்பர் எல்லாம் அணைந்திருக்கையிலும் மீட்டர் சிமிட்டும். மாடி வீட்டில் ஏசியைப் போட்டு அணைக்கச் சொன்னால் சிமிட்டலின் வேகம் கூடிக் குறையும். இன்னொரு தடயம், "சும்மா சும்மா விழுகிறது" என்று யாரோ கழற்றி எறிந்த ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச். போவதும் வருவதும் சமமாக இல்லாததால்தான் அது விழுந்திருக்கிறது. அதைக் கழற்றியவர் நோயைச் சொன்ன ஆளை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறார்.

சரிசெய்வது எலக்ட்ரீசியன் வேலை. இரண்டு வீட்டின் இரட்டைத் துருவ (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) மெயினையும் அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்தபின், இரண்டு நியூட்ரல் பட்டைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் பீப் அடிக்கக்கூடாது. அடித்தால் எங்கோ சேர்ந்திருக்கிறது. நியூட்ரல் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது பீப் நிற்கிறதோ அந்த லைனைப் பிடிக்க வேண்டும். பழைய பியூஸ் கேரியர் பேஸை மட்டும்தான் துண்டிக்கும்; அங்கே இந்தச் சோதனை அப்படியே செல்லாது. இன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தவர்கள் நியூட்ரலை இழுத்துவிட்ட விதமும் சந்தேகத்துக்கு உரியது. வாடகை வீட்டு சப்-மீட்டரில் சண்டை வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எர்த்தில் ஒழுகும் கரண்ட்

"எர்த் லீக்கேஜ்" என்று சொல்லி எதையும் மாற்றச் சொல்வார்கள். கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு ஆம்பியர் எர்த்தில் ஒழுகினால் 230 வாட். 60 நாளில் 331 யூனிட். பெரிய தொகைதான். ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேலை செய்யும் வீட்டில் அந்த அளவு ஒழுகவே முடியாது. அந்த எல்லைக்குள் ஒழுகுவது 60 நாளில் 10 யூனிட்டைத் தாண்டாது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழுந்தால், அதன் வழியாகப் போகும் லைன்களில் ஒழுகல் உங்கள் பில்லுக்குக் காரணம் இல்லை.

ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதல் சந்தேகம் கீசரின் சுருள், இரண்டாவது போருக்குள் இறங்கும் மோட்டார் கேபிள். உப்புத் தண்ணீரில் கீசர் சுருளின் மேலுறை அரித்துப்போகும். குழாயைத் தொட்டால் சுள்ளென்றால் அன்றே அணைத்துவிடுங்கள். அது பில் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

பொருள்கள்: யாரை முதலில் பிடிப்பது

மோட்டாரை முதலில். தண்ணீர் ஒழுகினால் கரண்டும் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு எச்.பி. மோட்டார் ஏறத்தாழ 1,100 முதல் 1,200 வாட் இழுக்கும். ராத்திரி படுக்கும்முன் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். யாரும் குழாயைத் திறக்காமல் ஒரு சாண் இறங்கியிருந்தால் பிளஷ் டேங்க், குழாய், அல்லது திரும்பிப் போகவிடாத வால்வு. அந்த வால்வு பழுதானால் தொட்டித் தண்ணீர் வந்த வழியே போருக்கே திரும்பும். மேலே சொட்டு ஈரம்கூடத் தெரியாது. பிளஷ் டேங்குக்குள் கொஞ்சம் நீலம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கோப்பையில் பாருங்கள், நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது. அடுத்து, தொட்டி காலியில் இருந்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். முன்பு 40 நிமிடம், இப்போது 75 என்றால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம், குழாயில் ஓட்டை இருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். பிரஷர் பம்பு உள்ள வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் போதும், ராத்திரி முழுக்க அது விட்டுவிட்டுக் கிளம்பும்; காதை வைத்தால் கேட்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி சத்தமில்லாத ஆள். நல்ல பேட்டரி நிரம்பியதும் மிகக் குறைவாகவே இழுக்கும். ஒரு செல் போன பேட்டரி நிரம்பவே நிரம்பாது. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் தொடர்ந்து போனால், இழப்பும் சேர்த்துச் சுமார் 150 வாட். 60 நாளில் 216 யூனிட். கரண்ட் போகாத நாளில் பேட்டரியின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து, டிஸ்டில்டு வாட்டரும் அடிக்கடி குறைந்தால், பிளக்கைக் கழற்றி மீட்டரை எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிரிட்ஜை ஐந்து நிமிடம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கம்ப்ரசர் ஓடும், நிற்கும். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைத்தால் 24 மணி நேரம் மாட்டி வையுங்கள். 250 லிட்டர் பிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் இருந்தால் சரி. கம்ப்ரசர் நிற்கவே இல்லையென்றால் இரண்டரை, மூன்று யூனிட் போகும். அப்போது கதவு ரப்பரில் ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. ரப்பர் சரி, சுவரில் இருந்து இடைவெளியும் சரி, ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் கேஸ் குறைந்திருக்கலாம்.

கீசரில் 25 லிட்டர் தண்ணீரைச் சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட். நாள் முழுக்க சுவிட்சைப் போட்டே வைத்தால், யாரும் குளிக்காவிட்டாலும் ஆறுவதை ஈடுகட்ட அரை யூனிட்டோ அதற்கு மேலோ போகும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையாமல் எரியும், தண்ணீர் கொதிக்கும். அந்தக் கீசரைப் பழுது பார்க்கும்வரை போடாதீர்கள்.

ஏசியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்று மட்டும். பில்டர் அடைத்தோ கேஸ் குறைந்தோ இருந்தால் இன்வெர்ட்டர் ஏசி குறைத்து ஓடவே ஓடாது. போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் மீட்டரில் 1,500 வாட்டிலேயே நின்றால் சர்வீஸ் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

யாரும் சந்தேகப்படாதது பேன். பழைய சீலிங் பேன் 75 வாட். மூன்று பேன் 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், 60 நாளில் 216. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். அதற்கு மாறாக, வீட்டில் அதிகம் திட்டு வாங்கும் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 0.12 யூனிட்தான். கிரைண்டரும் அப்படித்தான், அதை விட்டுவிடுங்கள்.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். சுவிட்ச் போட்டிருக்கையில் வாளியையோ தண்ணீரையோ தொடாதீர்கள். 3200 மீட்டரில் 80 சிமிட்டல் வர வேண்டும். 67 வந்தால் பதற வேண்டாம்: வோல்டேஜ் 210-க்கு இறங்கியிருந்தால் அதே ராட் 1,250 வாட்தான் இழுக்கும். 110, 120 என்று வந்தால் மீட்டர் கேள்விக்கு உரியது. இரண்டு மூன்று முறை எண்ணி எழுதுங்கள், வீடியோவும் எடுங்கள்.

பிறகு பிரிவு அலுவலகத்தில் மீட்டரைச் சோதிக்கக் கோரி எழுத்துமூலம் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி ரசீது வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகாரைப் பதிந்து புகார் எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. மனுவோடு இணைக்க வேண்டியவை: வெள்ளை அட்டையின் நகல், நீங்கள் கணக்கிட்ட நாளுக்கு எத்தனை யூனிட் என்ற விவரம், மெயினை அணைத்தும் மீட்டர் ஓடியிருந்தால் அந்த வீடியோ.

எதைச் சரிசெய்தாலும் அடுத்த பில் வரை காத்திருக்காதீர்கள். ஏழு நாள், தினமும் காலை ஏழு மணிக்கு மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். தாளில் எழுதி வைத்த 2.7 குறைந்திருக்கிறதா என்று மூன்றாம் நாளே தெரிய ஆரம்பிக்கும். 1.2 மட்டும் குறைந்திருந்தால் இன்னொரு ஆள் மிச்சம் இருக்கிறான். டிரிப்பர் பெட்டிக்குத் திரும்புங்கள்.